நாலு சித்தாள், பத்து மூட்டை சிமென்ட்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் பொழுது சாயும் நேரத்தில் மறுநாளுக்கான கணக்குப் போடப்படும். “நாளைக்கு ரெண்டு கொத்தனார், ஒரு பெரியாள், நாலு சித்தாள். பத்து மூட்டை சிமென்ட் இறக்கிடுங்க” என்பார் மேஸ்திரி. வீட்டுக்காரர் குறித்துக்கொள்வார். கடனோ உடனோ வாங்கித் தமிழ்நாட்டில் ஒரு வீடு கட்டியவர்களுக்கெல்லாம் இந்தக் கணக்கு மனப்பாடம். அந்த நாலு சித்தாளும் பெண்கள் என்று மேஸ்திரி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. சித்தாள் என்றாலே பெண்தான். 1970-களின் தொடக்கத்தில் ஜெயகாந்தன் தன் குறுநாவலுக்கு ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ என்று தலைப்பு வைத்தபோது, போனது ஆணா பெண்ணா என்ற சந்தேகம் எந்த வாசகருக்கும் வந்திருக்காது. இவ்வளவு திட்டவட்டமாகப் பெண்ணைக் குறிக்கும் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் பெண் இல்லை. அவள் செய்யும் வேலையும் இல்லை. கொத்தனார் என்ற பெயரில் கொத்து வேலை இருக்கிறது. கம்பி கட்டுபவர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் என்று தளத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரிலும் அவரவர் கைவேலை இருக்கிறது. சித்தாளின் பெயரில் இருப்பது ஓர் அளவு மட்டும்: சிறிய ஆள். எதில் சிறியவர் என்று கேட்டுக்கொண்டே போனால், அந்தக் கேள்வி கடைசியில் சனிக்கிழமை சம்பளக் கவரில்தான் போய் நிற்கும். வேலையின் பெயர் போல நம் வாயில் புழங்கும் இந்தச் சொல், உண்மையில் ஒரு கூலி விகிதத்தின் பெயர். இது வெறும் இலக்கண ஆராய்ச்சி இல்லை. பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பது சட்டப்படி குற்றமான ஒரு நாட்டில், அந்தக் குறைவைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் வேலையை இந்தச் சொல் பல தலைமுறைகளாகச் செய்துவருகிறது.

சொல் பிறந்த வழி நேரானது. சிறுமை, ஆள் என்ற இரண்டும் சேர்ந்து சிற்றாள். ‘ற்ற’ என்பது பேச்சில் ‘த்த’ ஆவது தமிழின் வழக்கம். காற்று காத்தாகும், சிற்றப்பன் சித்தப்பன் ஆவார், சிற்றெறும்பு சித்தெறும்பாகும். அப்படியே சிற்றாளும் சித்தாள் ஆயிற்று. இல்லாள், மனையாள் என்ற சொற்களில் வரும் ‘ஆள்’ பெண்பால் விகுதி என்பதால், சித்தாளும் அந்த வரிசையில் வந்த பெண்பாற்பெயர் என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியில்லை. சித்தாளில் வரும் ‘ஆள்’, பண்ணையாள், கையாள், அடியாள் என்பவற்றில் வரும் பொதுப்பால் ‘ஆள்’. ஒலியை வைத்துத்தான் காது பெண் என்று புரிந்துகொண்டது என்றால், அதே ஒலியில் முடியும் பெரியாளும் பெண்ணாகியிருக்க வேண்டும். பெரியாள் ஆணாகவே நின்றார். ஆக, இரண்டு சொற்களுக்கும் உள்ள ஒரே வேறுபாடு முன்னால் நிற்கும் அடைமொழிதான். பெரியது ஆணுக்குப் போயிற்று, சிறியது பெண்ணுக்கு வந்தது. வயதில் சிறியவர் என்பது பொருளாக இருந்தால், ஐம்பது வயதுப் பாட்டி சித்தாளாகவும் இருபது வயதுப் பையன் பெரியாளாகவும் இருப்பதற்கு விளக்கம் இல்லை. சிறுவர்களும் சித்தாளாக ஏவப்பட்ட காலம் உண்டு. ஆனால் சிறுவன் வளர்வான். வளர்ந்ததும் அந்தப் பெயர் அவனை விட்டுவிடும். மீசை முளைத்தவனை யாரும் சித்தாள் என்று கூப்பிடுவதில்லை. பெண் மட்டும் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெயரிலேயே இருக்கிறாள்.

இந்தப் பெயரோடு சேர்ந்துவரும் வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். “கொத்தனார் வந்துட்டாரா?” என்று கேட்கும் அதே வாய், “சித்தாள் வந்துருச்சா?” என்று கேட்கிறது. கொத்தன் என்ற பெயருக்கு ‘ஆர்’ விகுதி சேர்ந்து மரியாதை வந்துவிட்டது. வினையும் அதற்கேற்ப ‘வந்தார்’ என்று எழுந்து நிற்கிறது. சித்தாளுக்கு அஃறிணை வினை. எண்ணும்போது பன்மை கொத்தனாருக்கும் கிடையாது, ஆனால் அவர் பெயரில் ‘ஆர்’ நிற்கிறது; சித்தாளுக்கு அதுவும் இல்லை. நாலு சித்தாள், பத்து மூட்டை, ரெண்டு லோடு செங்கல் எல்லாம் ஒரே வாய்பாட்டில் வருகின்றன. ‘அக்கா வந்துச்சு’, ‘பாப்பா சாப்பிட்டுச்சு’ என்று தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் வீட்டுப் பெண்களைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறோம், அதில் அன்புதானே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேச்சுத்தமிழின் அஃறிணை வினை எல்லா இடத்திலும் இழிவு ஆகாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அன்பு ஏன் ஒருபோதும் கொத்தனாருக்குக் கிடைப்பதில்லை? ஒரே சாரத்தில் நிற்கும் இருவரில் ஒருவருக்கு ‘ஆர்’, இன்னொருவருக்கு ‘உச்சு’ என்று பங்கு பிரிவது பாசத்தால் வந்ததில்லை. அவர் அவளை “ஏம்மா, கலவை கொண்டா” என்று கூப்பிடுகிறார். அவரைவிடப் பத்து வயது மூத்தவளாக இருந்தாலும் அவள் அவரை “மேஸ்திரி”, “அண்ணே” என்றுதான் கூப்பிடுகிறாள். வேலைக்காரன், வேலைக்காரி என்ற ஜோடிக்கும் இதே கதிதான். 1949-ல் அண்ணாவின் கதையில் வந்த ‘வேலைக்காரி’ வீட்டில் வேலைசெய்யும் பெண். பிற்பாடு ‘வேலைக்காரன்’ என்ற பெயரில் வந்த படங்களோ நாயகனின் பெருமையைப் பேசின. ஆணுக்கு உழைப்பாளி என்ற கௌரவத்தைக் கொடுத்த சொல்லின் பெண்பால் வடிவம், பெண்ணைப் பாத்திரம் கழுவும் இடத்திலேயே நிறுத்திவிட்டது.

சரி, அவள் செய்யும் வேலை சிறியதுதானா? ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுமானத்துக்கு ஏறக்குறைய 500 செங்கல் வேண்டும். நல்ல கொத்தனார் ஒருவர் ஒரு நாளில் கட்டக்கூடிய அளவு கிட்டத்தட்ட அதுதான். செங்கல் ஒன்று 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் செங்கல் மட்டுமே 1,500 கிலோ, அதாவது ஒன்றரை டன். அந்த ஒன்றரை டன்னும் லாரி கொட்டிவிட்டுப் போன தெருவோரத்திலிருந்து சுவர் எழும் இடத்துக்குத் தானாக நடந்து வராது. சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு கோலி, அதன்மேல் ஒரு பலகை வைத்து, இரண்டிரண்டாகப் பத்துக் கல் அடுக்கி, 30 கிலோவைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் நடக்கிறாள். கழுத்து அசையக் கூடாது, கண் மட்டும் கீழே பார்க்க வேண்டும். கைப்பிடி இல்லாத படிக்கட்டு, அதற்குமேல் சவுக்குக் கட்டையும் பலகையுமாகக் கட்டிய சாரம். கல்லை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினால் கலவைப் பாண்டு காத்திருக்கும். ஈரக் கலவை விளிம்பில் வழிந்து தோளில் இறங்கும். சிமென்ட் பட்ட விரலிடுக்கு வெந்துபோகும். அதனால்தான் ஆண் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்கிறார்கள். இடையிடையே மணல் சலிக்க வேண்டும், செங்கல்லை நனைக்க வேண்டும், முந்தின நாள் கட்டிய சுவருக்கும் பூசிய தளத்துக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். எல்லோருக்கும் டீ வாங்கி வருவதும், வேலை முடிந்ததும் கரண்டி, மட்டப்பலகை, பாண்டு எல்லாவற்றையும் கழுவி வைப்பதும் அவள் தலையில்தான். கொத்தனாரின் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும், அவருக்கு எட்டும் இடத்தில் கல்லும் கலவையும் இல்லாவிட்டால் அந்தக் கை சும்மாதான் இருக்கும். சுவர் எழும் வேகத்தைத் தீர்மானிப்பதில் அவள் நடைக்கும் பங்குண்டு. இந்த வேலையைத்தான் ‘கூடமாட ஒத்தாசை’ என்கிறோம்.

பெரியாள் செய்வது கடின வேலை, சித்தாள் செய்வது லேசான வேலை, அதற்கேற்பத்தான் கூலி என்பார்கள். பெரியாள் மண் வெட்டுகிறார், மண்வெட்டியால் கலவையைப் புரட்டுகிறார், மூட்டை தூக்குகிறார். உண்மை. அந்த வேலை லேசானது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பத்து நிமிடம் கலவையைப் புரட்டிவிட்டு மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிற இடைவெளி, தலைச்சுமைக்காரிக்குக் கிடையாது. ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. அதைத் தூக்குகிறவர் நாளில் எத்தனை மூட்டை தூக்குவார்? அவள் நாள் முழுக்கத் தூக்குவதைக் கூட்டினால் எத்தனை மூட்டை ஆகும்? தளத்தில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. கூலி நிர்ணயம் எடையைப் பார்த்தோ நேரத்தைப் பார்த்தோ வந்திருந்தால், எங்கேயாவது ஒரு தளத்தில், ஏதாவது ஒரு நாளில், சித்தாளுக்குப் பெரியாளைவிட ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு வழக்கம் எங்கும் இல்லை. பெண்ணின் உழைப்பைச் சிறுவர் உழைப்போடு சேர்த்து எடைபோடும் பழக்கத்துக்கு அரசுத் தரப்பிலும் நீண்ட வேர் உண்டு. 1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது நிவாரண வேலைக்கு பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் விதித்த கூலி, ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் வேலைசெய்யும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. ஆணுக்கே உயிர் தரிக்கப் போதாத கூலி அது. அந்தக் கொடிய மாதங்களில்தான் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. பசியில் சாகக் கிடந்தவர்களுக்கும் பெரியாள், சிறியாள் என்று வரிசை பிரித்த நிர்வாகப் புத்தி, சுதந்திரத்துக்குப் பிறகும் எளிதில் போகவில்லை. தென்னிந்தியப் பொதுப்பணித் துறைகளின் விலைவிகிதப் பட்டியல்களில் ‘ஆண் மஸ்தூர்’, ‘பெண் மஸ்தூர்’ என்று வெளிப்படையாகவே இருந்ததுண்டு. ‘கடின வேலை’, ‘இலகு வேலை’ என்றும், ‘முதல் வகை’, ‘இரண்டாம் வகை’ என்றும் பெயர்கள் வந்தன. அவையெல்லாம் அலுவலக மொழியில் எழுதப்பட்ட பெரியாளும் சித்தாளும்தான்.

பெயருக்கும் கூலிக்கும் உள்ள இந்த உறவு சட்டத்தின் முன்னால் என்ன செய்கிறது என்பதுதான் இதில் முக்கியமான இடம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு சொல்கிறது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1958-ல் ஏற்றுக் கையெழுத்திட்டது. 1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. அதில்தான் ஒரு சொல் மாறிற்று. உடன்படிக்கை ‘சம மதிப்புள்ள வேலை’ என்றது. சட்டம் ‘அதே வேலை அல்லது அதைப் போன்ற வேலை’ என்றது. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே தடத்தில்தான் நடக்கிறது. இந்தச் சிறிய இடைவெளிதான் கட்டடத் தொழிலில் பெரிய வாசலாகத் திறந்துகிடக்கிறது. பெரியாள் வேலை வேறு, சித்தாள் வேலை வேறு, பெயரே வேறாயிற்றே என்று சொல்லிவிட்டால் ஒப்பீட்டுக்கே இடமில்லாமல் போகிறது. ஆண்களையும் வைத்துத் தலைச்சுமை சுமக்கவிட்டு அவர்களுக்கு அதிகம் கொடுத்தால் அது பச்சையான சட்டமீறல். தலைச்சுமையைப் பெண்களுக்கே ஒதுக்கி, அதற்குத் தனிப் பெயர் வைத்துக் குறைத்துக் கொடுத்தால் ‘ஊர் ரேட்டு’. ஊர் ரேட்டுக்கு அவர்களும் சம்மதித்துத்தானே வருகிறார்கள் என்பார்கள். மும்பைக் கப்பல் நிறுவனம் ஒன்றின் பெண் சுருக்கெழுத்தாளர்கள் வழக்கில் 1987-ல் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்க முடியாது, வேலைகளை ஒப்பிடும்போது அற்ப வேறுபாடுகளைத் தூக்கிப் பிடிக்காமல் விரிந்த பார்வையோடு பார்க்க வேண்டும் என்றது. அதற்கு ஐந்தாண்டு முன்பு, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானங்களில் வேலைசெய்தவர்கள் குறித்த வழக்கில், குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசாக இருக்கப் பெண்களுக்கு 7 ரூபாய்தான் கைக்கு வருகிறது என்ற புகார் எழுந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்புக்குச் சமம் என்று அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னது. இத்தனை வலுவான தீர்ப்புகள் இருந்தும், நம் தெருமுனையில் எழும் வீட்டுக்குள் அவை நுழைவதில்லை.

சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன், கூலியை உயர்த்தினால் போதாதா என்பது இதற்கு வரும் முதல் ஆட்சேபம். அதற்குத் துணையாக ஒரு கசப்பான உதாரணமும் காட்டுவார்கள். துப்புரவுத் தொழிலாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறியதால் அவர்களின் ஒப்பந்தக் கூலி மாறியதா, கையுறை வந்ததா? இந்த ஆட்சேபத்தில் உள்ள உண்மையை நான் முழுதாக ஏற்கிறேன். சித்தாள் என்ற பெயரை எடுத்துவிட்டு ‘கட்டுமான உதவி மகளிர்’ என்று ஒரு பலகை மாட்டினால் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடாது. அப்படியொரு பெயர்மாற்ற விழாவை நான் கேட்கவும் இல்லை. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அந்தப் பெண்களே தங்களைச் சித்தாள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். “சித்தாள் வேலைக்குப் போய்த்தான் மூணு புள்ளைங்களைப் படிக்கவச்சேன்” என்று சொல்லும் குரலில் கூச்சம் இல்லை, நிமிர்வுதான் இருக்கிறது. அவர்கள் உடல் வலியோடு சம்பாதித்த பெயரை வெளியிலிருந்து ஒருவர் வந்து இழிசொல் என்று தீர்ப்புச் சொல்வது அவர்களை இரண்டாம் முறை சிறுமைப்படுத்துவது. அதனால் இந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்து பிடுங்கும் உரிமை யாருக்கும் இல்லை. என் வழக்கு, அந்தச் சொல்லைத் தம் கணக்கு நோட்டில் எழுதுபவர்களோடுதான். அவள் ‘சித்தாள்’ என்னும்போது அதில் அவளுடைய வாழ்க்கை இருக்கிறது. ஒப்பந்தக்காரர் ‘சித்தாள்’ என்று எழுதும்போது அதில் கழிக்கப்பட்ட முந்நூறோ நானூறோ ரூபாய் இருக்கிறது.

கூலி ஒன்றானால் இந்தச் சொல் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி 2006 முதல் கிராமங்களில் நூறு நாள் வேலை தொடங்கியது. ஏரி தூர்வாரினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், கரை போட்டார்கள். மண் வெட்டுவதும் கூடை சுமப்பதும் அங்கேயும் உண்டு. தமிழ்நாட்டில் அந்த வேலைநாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்களுடையவை. கட்டட வேலையில் சித்தாளாகப் போன அதே பெண்கள்தான் பலர். ஆனால் அந்த ஏரிக்கரையில் சித்தாள் என்ற பெயரைக் கேட்க முடியாது. “நூறு நாள் வேலைக்குப் போறேன்” என்றார்கள் ஆண்களும் பெண்களும். சட்டம் இருவருக்கும் ஒரே கூலி என்று எழுதிவிட்டதால், அங்கே பெரியாள் சித்தாள் என்று பிரிக்க வேண்டிய தேவையே எழவில்லை. யாரும் தடைவிதிக்காமலேயே சொல் உதிர்ந்துபோனது. கூலி வித்தியாசம் இருக்கும் இடத்தில் மட்டும் உயிரோடிருந்து, அது இல்லாத இடத்தில் காணாமல் போகும் ஒரு சொல்லை வேறென்னவென்று சொல்வது? இலங்கை மலையகத்திலிருந்து இதற்கு ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் ஆண் பெண் கூலி 1984-ல்தான் சமமாக்கப்பட்டது. அதுவரை, தோட்டத்தின் வருமானமே கொழுந்து பறிக்கும் பெண்களின் விரலில் இருந்தும் அவர்களுக்குக் குறைவுதான். சமமான பிறகும், கவ்வாத்து வெட்டும் ஆண்கள் தங்கள் பங்கை முடித்துக்கொண்டு மத்தியானத்தில் வீடு திரும்ப, கொழுந்துக் கூடையோடு பெண்கள் மாலைவரை மலையில் நின்றார்கள். ரூபாய் ஒன்றானாலும் நேரம் ஒன்றாகவில்லை. ஆகவே கூலி மட்டும் சமமானால் போதும் என்று நான் வாதாட வரவில்லை. ஏணியைப் பற்றியும் பேச வேண்டும்.

கட்டடத் தொழிலுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தளமே பள்ளி. கையாளாக வரும் பையனுக்குச் சாயங்கால வேளையில், வேலை தளர்ந்த நேரத்தில், கொத்தனார் தன் கரண்டியைக் கொடுத்து “இந்த மூலையைப் பூசிப் பாருடா” என்பார். பையன் பூசுவான். கோணலாகப் போகும், திட்டுவார், சுரண்டிவிட்டு மறுபடி பூசச் சொல்வார். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கவும் ரசமட்டம் வைக்கவும் நூல் கட்டவும் அப்படித்தான் கைவருகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவன் அரைக்கொத்தனார், பிறகு கொத்தனார். அதே தளத்தில் இருபது ஆண்டாகக் கலவை சுமக்கும் பெண்ணுக்குக் கலவையின் பதம் கண்ணால் பார்த்தாலே தெரியும், எந்தச் சுவர் எங்கே பிசகுகிறது என்பதும் தெரியும். அவள் கையில் அந்தக் கரண்டி ஒரு சாயங்காலமும் வைக்கப்படுவதில்லை, கழுவுவதற்குத் தவிர. கொத்தனார் வேலை நுணுக்கமானது, அதற்குத் திறமை வேண்டும், ஆகவே கூலி அதிகம் என்ற வாதத்தை மறுக்க மாட்டேன். திறமை கற்றுக்கொடுக்கப்படுகிற ஒன்று என்பதையும், கற்றுக்கொடுப்பது யாருக்கு நிறுத்தப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம ஊதியச் சட்டத்தில் 1987-ல் செய்த திருத்தம், வேலையில் சேர்ந்த பிறகான பதவி உயர்விலும் பயிற்சியிலும் பெண்ணுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சேர்த்தது. சாயங்காலக் கரண்டியும் பயிற்சிதான் என்று அதைப் படித்தவர்களுக்குத் தோன்றியிருக்காது. கற்றுக்கொடுத்த இடங்களில் என்ன நடந்தது? கேரளத்தில் திருச்சூர் பக்கம் கழிப்பறை கட்டும் திட்டத்தை ஒட்டிப் பெண்களுக்குக் கொத்தனார் வேலை பழக்கினார்கள். கழிப்பறையோடு நிற்காமல் வீடு கட்டும் அளவுக்கு அவர்கள் போனார்கள், தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். ஜார்க்கண்டில் கட்டட வேலைப் பெண்ணுக்கு ‘ரேஜா’ என்று பெயர், நம் சித்தாளுக்கு அக்காள் தங்கை. தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமம் கிராமமாகக் கழிப்பறை கட்டக் கொத்தனார் போதாதபோது அங்கே பெண்களைப் பழக்கினார்கள். அவர்களை ரேஜா என்று கூப்பிட யாருக்கும் நாக்கு வரவில்லை. கொத்தனாருக்கு அங்கே ‘ராஜ் மிஸ்திரி’ என்று பெயர். அதில் ராஜாவைக் கேட்ட காதுகள், இந்தப் பெண்களை ‘ராணி மிஸ்திரி’ என்றன. கரண்டி கைமாறியதும் பெயர் தானாகப் பின்னால் வந்தது.

இதெல்லாம் பழங்கதை, கலவை இயந்திரமும் லிஃப்ட்டும் வந்தாயிற்று, ரெடிமிக்ஸ் லாரி வந்து குழாயில் கான்கிரீட்டை ஏற்றிவிட்டுப் போகிறது, பெரிய தளங்களில் ஜார்க்கண்ட், பீகார், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள்தான் நிற்கிறார்கள், சித்தாளே மறைந்துவரும்போது சித்தாள் என்ற சொல்லுக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்றும் கேட்கலாம். அடுக்குமாடித் தளங்களைப் பொறுத்தவரை அது மெய்தான். அந்த மெய்யே என் வாதத்துக்கு இன்னொரு சாட்சி. இயந்திரம் வந்தபோது அதை ஓட்டக் கற்றுக்கொண்டது ஆண். இயந்திரம் தின்ற வேலை பெண்ணுடையது. கலவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பாண்டு நிரப்பியவளுக்கு அதன் விசையைத் திருப்பக் கற்றுக்கொடுக்க ஒரு மத்தியானம் போதும். சிறிய ஆள் என்று பெயரெழுதி வைத்திருந்ததால் அந்த மத்தியானம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இன்னொன்று, தமிழ்நாட்டில் எழும் வீடுகளெல்லாம் அடுக்குமாடிகள் இல்லை. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, ஒரு மேஸ்திரியும் அஞ்சாறு ஆட்களுமாகக் கட்டும் வீடுகளில் அவள் இன்னமும் இருக்கிறாள். அவர்களில் பலர் தலித் பெண்கள். கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் நிறைய. 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்றது. மூன்று சித்தாள் வேலைசெய்யும் வீட்டில் அந்த ஐம்பது எப்போது நிறையும்? அதனால்தான் பாதி கட்டிய வாசல்படியின் மேல்கட்டையில் பழைய சேலையில் தூளி தொங்குகிறது. கலவை கொட்டிவிட்டு இறங்கும் வழியில் அவள் அதை ஒரு கை ஆட்டிவிட்டுப் போகிறாள்.

செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர்கள் 1970-களின் இறுதியிலிருந்தே சங்கமாகத் திரண்டவர்கள். அவர்கள் போராட்டத்தில்தான் 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் 1994-ன் நல வாரியமும் வந்தன, நாட்டின் பல மாநிலங்களுக்கு முன்பே. அந்த வாரியம், கட்டட வேலையின் ஒவ்வொரு கூறையும் எடை, உயரம், தூரம், நேரம், ஆபத்து என்று அளந்து மதிப்பிட முடியும். தலைச்சுமைக்கு ஒரு மதிப்பு, கலவை புரட்டுவதற்கு ஒரு மதிப்பு, யார் செய்தாலும் அந்தக் கூலி. அரசு மதிப்பீடுகளில் ஆளின் வகைக்குப் பதிலாக வேலையின் பெயர் வரட்டும். நீராட்டுவதும் சலிப்பதும் சுமப்பதும் தனித்தனி இனங்களாக எழுதப்படட்டும். அரசு கட்டும் வீடுகளிலும் பள்ளிகளிலும் இத்தனை பேருக்கு ஒரு பெண் கொத்தனார் வேலை பழக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு விதி போடலாம். சாயங்காலக் கரண்டியை அதிகாரபூர்வமாக்க அதைவிட நேர்வழி இல்லை. அப்போது பழகி வரும் பெண்ணை என்னவென்று கூப்பிடுவது? கொத்தனார் என்ற சொல்லில், மாமனாரில் இருப்பதுபோல, ‘அன்’ என்ற ஆண்பால் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று இலக்கணம் தெரிந்தவர்கள் தயங்கலாம். ‘கொத்தனாரம்மா’ என்றால் கொத்தனாரின் மனைவி என்று தோன்றலாம். ‘டாக்டரம்மா’ என்பதைக் கேட்டு இன்று யாரும் டாக்டரின் மனைவியைத் தேடுவதில்லை. ஊசி போடுபவரைத்தான் பார்க்கிறார்கள். அதுவும் வேண்டாமென்றால் மேஸ்திரி இருக்கிறது. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து தமிழில் பால் அடையாளம் ஏதுமில்லாமல் புழங்கும் சொல். “நாளைக்கு மேஸ்திரி எத்தனை மணிக்கு வர்றாங்க?” என்று கேட்டால், வருபவர் ஆணா பெண்ணா என்பது அந்தக் கேள்வியில் எங்கேயும் இல்லை.